வழி என்னும் ஒரு சொல்

ஒரு கடிதத்தின் மேலுறையில் இரண்டு வகையான செய்திகளை எழுதலாம். ஒன்று, கடிதம் சேரவேண்டிய இடம். மற்றொன்று, அது செல்லவேண்டிய வழி. மேலோட்டமாகப் பார்ப்பவருக்கு இவ்விரண்டும் ஒன்றுபோலவே தோன்றும். ஆயினும் இடத்தைச் சொல்லும் உரிமை என்றும் அனுப்புவோருக்கே உரியது. வழியைச் சொல்லும் உரிமை யாருக்கு என்பதோ காலத்துக்குக் காலம் மாறிவந்துள்ளது. ஒருகாலத்தில் இன்றியமையாததாக இருந்து, பின்னர் வேண்டாததாகி, இறுதியில் ஆபத்தாகவும் முடிந்த அந்த வழிக்குறிப்பின் வரலாற்றைப் பற்றி நேயர்களுக்கு இன்று சிறிது சொல்ல விரும்புகிறேன்.

வேலூர், ஆம்பூர், வாணியம்பாடி, பேரணாம்பட்டு என்று பாலாற்றங்கரையை ஒட்டியுள்ள எங்கள் தோல் பதனிடும் வட்டாரத்தில், பழைய கடித உறைகளைப் பார்த்தவர்கள் ஒரு சொல்லை அடிக்கடி கண்டிருப்பார்கள். ‘உமராபாத், ஆம்பூர் வழி, வட ஆற்காடு மாவட்டம்’ என்பது போல முகவரி எழுதுவதே அந்நாளைய வழக்கம். சென்னையிலிருந்து வரும் கடிதம் முதலில் ஆம்பூருக்கு வந்து, அங்கிருந்து உமராபாத்துக்குப் போகவேண்டும் என்பதே அந்த ‘வழி’ என்னும் சொல்லின் பொருள். ஊர்ப்பெயரும் மாவட்டத்தின் பெயரும் இருக்க, இடையில் இன்னோர் ஊரின் பெயர் எதற்கு என்று இக்காலத்து இளைஞர் கேட்கலாம். கேள்வி நியாயமானதே. ஆனால் அதற்குத் தக்க காரணம் இருந்தது.

சென்னை இராயபுரத்திலிருந்து வாலாஜா ரோடு வரை தென்னிந்தியாவின் முதல் ரயில் பாதை 1856 ஜூலை முதல் நாளன்று திறக்கப்பட்டது. அப்பாதை பிறகு காட்பாடி, ஆம்பூர், ஜோலார்பேட்டை என்று நீண்டு, 1862-க்குள் மேற்குக் கடற்கரையை எட்டிற்று. ரயிலோடு தபாலும் ஓடியது. ஓடும் வண்டியிலேயே கடிதங்களைப் பிரித்து, எந்தப் பை எந்த நிலையத்தில் இறங்கவேண்டும் என்று முடிவுசெய்த ஊழியர்கள் எத்தனையோ ஊர்களின் பெயர்களை மனப்பாடமாக வைத்திருந்தனர். எனினும் ‘புதூர்’ என்ற பெயரில் தமிழ்நாட்டில் எத்தனை ஊர்கள்! எல்லாவற்றையும் ஒருவர் நினைவில் வைத்திருக்க இயலுமா? ஆகவே, ஊரை அறிந்த அனுப்புநர் தம் அறிவைத் தபால்காரருக்குச் சிறிது கடனாகக் கொடுத்தார். ‘வழி’ என்ற குறிப்பு அந்தக் கடன்தான்.

கடல் கடந்து சென்ற தந்தியிலும் இவ்வழக்கமே இருந்தது. ஆவாரம்பட்டையால் பதனிட்ட நம் வட்டாரத் தோல், சென்னைப் பெரியமேட்டுச் சந்தையைக் கடந்து லண்டன் ஏலச்சந்தைவரை சென்றது. விலை ஏறிற்றா, இறங்கிற்றா என்ற செய்தி தந்தியில் வரவேண்டும். 1870-ஆம் ஆண்டிலேயே இந்தியாவையும் ஐரோப்பாவையும் இணைக்க இரண்டு புதிய பாதைகள் அமைந்துவிட்டன. ஒன்று பாரசீகத்தின் வழியே நிலத்தில் சென்ற கம்பி. மற்றொன்று பம்பாய், ஏடன், சூயஸ் என்று கடலடியில் சென்ற கம்பி. எந்தப் பாதையில் தம் செய்தி போகவேண்டும் என்று குறிப்பிடும் உரிமை அனுப்புவோருக்கு இருந்தது. ஒரு பாதையில் கம்பி அறுந்தால் மறு பாதை இருந்தது. அந்நிலையில் வழியைக் குறிப்பிடுவது வெறும் சடங்காக இருக்கவில்லை. வணிகருடைய முன்யோசனையாகவே இருந்தது.

இந்த நிலையை மாற்றிய ஒரு நிகழ்ச்சி 1972 ஆகஸ்ட் 15-ஆம் நாள் நடந்தது. அஞ்சல் தந்தித் துறையின் உயர் அதிகாரியாக இருந்த ஸ்ரீராம் பிகாஜி வேலன்கர் வகுத்த ஆறு இலக்க அஞ்சல் குறியீட்டு எண் அன்று நடைமுறைக்கு வந்தது. முதல் இலக்கம் நாட்டின் மண்டலத்தைக் குறிக்கும். நமக்கும் கேரளத்துக்கும் அது 6. முதல் மூன்று இலக்கங்கள் சேர்ந்து கடிதங்களைப் பிரிக்கும் வட்டாரத்தைக் காட்டும். கடைசி மூன்று இலக்கங்கள் கடிதத்தை வழங்கும் அஞ்சலகத்தைச் சொல்லும். வேலூருக்கு 632001 என்றும், இராணிப்பேட்டைக்கு 632401 என்றும், ஆம்பூருக்கு 635802 என்றும் எண்கள் அமைந்தன.

இதில் நேயர்கள் கவனிக்கவேண்டிய நுட்பம் ஒன்று உண்டு. வேலூருக்கும் ஆம்பூருக்கும் இடையே உள்ள தொலைவு ஏறத்தாழ 50 கிலோமீட்டரே. இருந்தும் மூன்றாவது இலக்கத்திலேயே இரண்டும் பிரிந்துவிடுகின்றன. மாவட்ட எல்லையோ இதற்கிடையில் பலமுறை மாறிவிட்டது. வட ஆற்காடு மாவட்டம் 1989-ல் இரண்டாயிற்று. 2019-ல் வேலூர் மாவட்டம் மூன்றாகப் பிரிந்தபோது, ஆம்பூர் திருப்பத்தூர் மாவட்டத்தைச் சேர்ந்தது. பேரணாம்பட்டு வேலூரிலேயே நின்றது. ஆனால் ஆம்பூரின் எண்ணும் மாறவில்லை. பேரணாம்பட்டின் 635810 என்ற எண்ணும் மாறவில்லை. எண் இடத்தை மட்டும் சொல்கிறது. அந்த இடத்தை அடைவது எப்படி என்பதை அஞ்சல் துறை அன்றன்று உள்ள ரயிலையும் மோட்டார் வண்டியையும் பார்த்துத் தானே தீர்மானித்துக்கொள்கிறது. அனுப்புநரிடம் வழி கேட்கவேண்டிய தேவை அன்றோடு தீர்ந்தது எனலாம்.

தேவை தீர்ந்தபோதிலும் பழக்கம் தீரவில்லை. எண்ணையும் எழுதி, ‘வழி’யையும் எழுதுவோர் பிறகும் இருந்தனர். தபால்காரர் அதைப் பார்த்துவிட்டுப் பேசாமல் தம் வேலையைச் செய்தார். அதனால் யாருக்கும் ஒரு குறையும் நேரவில்லை. ஆனால் இதே சொல் கணிப்பொறிகளின் உலகத்துக்குள் புகுந்தபோது கதை வேறு விதமாயிற்று.

இன்று ஆம்பூரிலிருந்து ஒரு காலணித் தொழிற்சாலை ஜெர்மனிக்கு ஒரு மடல் அனுப்புகிறது என்று வைத்துக்கொள்வோம். அம்மடல் சிறு சிறு பொதிகளாகப் பிரிந்து இணையத்தில் செல்கிறது. ஒவ்வொரு பொதியின் தலைப்பிலும் சேரவேண்டிய முகவரி எண்ணாக எழுதப்பட்டிருக்கும். இடையிடையே ரூட்டர் எனப்படும் கருவிகள் உள்ளன. அவை ரயிலில் தபால் பிரித்த ஊழியர்களைப் போன்றவை. ஒவ்வொன்றும் முகவரியைப் பார்த்து, தன்னிடமுள்ள அட்டவணையோடு ஒப்பிட்டு, அடுத்த கருவியிடம் பொதியை ஒப்படைக்கிறது.

இந்த ஏற்பாட்டின் அடிப்படை விதிகள் 1981 செப்டம்பரில் ஆர்.எப்.சி. 791 என்ற ஆவணமாக வெளிவந்தன. அதே ஆண்டு ஆகஸ்டில் அந்த வலையில் இணைந்திருந்த கணிப்பொறிகள் 213 மட்டுமே. அட்டவணைகள் அடிக்கடி பிழைபட்ட காலம் அது. ஆகவே அனுப்புநர் விரும்பினால் வழியையும் தாமே எழுதலாம் என்று விதி இடம் தந்தது. சொன்ன கருவிகளின் வழியாக மட்டுமே செல்லவேண்டும் என்பது கண்டிப்பான வழிக்குறிப்பு. சொன்னவற்றைத் தொட்டுக்கொண்டு இடையில் வேறு கருவிகளின் வழியாகவும் செல்லலாம் என்பது தளர்ந்த வழிக்குறிப்பு. பொதியின் தலைப்பில் இருந்த இடத்துக்கு ஏற்ப, அதிகமாகப் போனால் ஒன்பது முகவரிகளை இவ்வாறு எழுதலாம். உமராபாத்துக்கு ‘ஆம்பூர் வழி’ என்று எழுதியதும் இதுவும் ஒரே எண்ணத்தின் இரு வடிவங்களே.

நம் நாட்டிலும் இத்தகைய தொடக்க நிலை இருந்தது. 1986-ல் தொடங்கிய எர்நெட் என்னும் கல்வி ஆராய்ச்சி வலையில் சென்னை ஐ.ஐ.டி.யும் ஓர் உறுப்பு. முதலில் அதில் நடந்த சேவை தொலைபேசி இணைப்பின் மூலம் மடல் கைமாற்றும் யூயூசிபி என்ற முறை ஒன்றே. அந்த முறையில், உலகெங்கும், எந்தக் கணிப்பொறி எந்தக் கணிப்பொறிக்குக் கொடுக்கவேண்டும் என்று இடையில் ஆச்சரியக்குறி இட்டுப் பெயர்களை வரிசையாக எழுதுவதே முகவரியாக இருந்தது. வழி தெரியாதவர் மடல் எழுத முடியாத காலம் அது. டில்லிக்கும் பம்பாய்க்கும் இடையே எர்நெட்டின் முதல் தனிக்கம்பி 1991 ஜனவரியில் வந்தது. 1995 ஆகஸ்ட் 15 முதல் பொதுமக்களுக்கும் இணையம் கிடைத்தது. அந்நாளைக்குள் முகவரி ஒன்றே போதும் என்ற நிலை ஏற்பட்டுவிட்டது. பயன்படுத்துவார் குறைந்துபோனாலும், வழிக்குறிப்பு விதிப்புத்தகத்திலும் கருவிகளின் உள்ளேயும் அப்படியே இருந்தது.

அதில் என்ன தீங்கு என்று கேட்கலாம். அமெரிக்க அறிஞர் ஸ்டீவன் பெல்லோவின் 1989-ல் எழுதிய ஒரு கட்டுரையில் அதை விளக்கினார். அவர் கூறிய கருத்தை நம் வட்டாரத்துக்கு ஏற்ற ஓர் எடுத்துக்காட்டால் சொல்கிறேன். பதனிடும் நிலையத்துக்கு ஒரு கடிதம் வருகிறது. அனுப்புநர் என்ற இடத்தில், பல ஆண்டுகளாகக் கொடுக்கல் வாங்கல் உள்ள இரசாயன வியாபாரியின் பெயர். ‘என் வீட்டு வழியாக வந்தது’ என்று உறையின்மேல் ஒரு குறிப்பும் இருக்கிறது. ஆனால் அந்த ‘நான்’ வியாபாரி அல்லர், யாரோ ஒரு வஞ்சகர். நிலையத்தின் கணக்கர் பதில் எழுதுகிறார். வந்த வழியிலேயே பதில் திரும்பவேண்டும் என்பது விதி. ஆகவே அந்தப் பதில் உண்மையான வியாபாரியிடம் சேராமல், வஞ்சகர் வீட்டுக்குப் போய்விடுகிறது. பெயர் ஒருவருடையது, காது இன்னொருவருடையது. முகவரியைப் பார்த்தே ஆளை நம்பிய அந்நாளைய கணிப்பொறிகளை ஏமாற்ற இது ஒன்று போதுமானதாக இருந்தது.

இவ்வளவு தெளிவாகத் தெரிந்தபின் அந்தக் குறிப்பை உடனே நீக்கியிருக்கலாமே என்று தோன்றும். நடந்தது அதுவன்று. 1995-ல் வெளியான ரூட்டர்களுக்கான விதிகள், அதாவது ஆர்.எப்.சி. 1812, ஒவ்வொரு ரூட்டரும் வழிக்குறிப்பை ஏற்கவேண்டும் என்றே கட்டளையிட்டன. ஏற்க மறுக்கும் ஒரு திருகு வைத்துக்கொள்ளலாம். ஆனால் கருவி தொழிற்சாலையிலிருந்து வரும்போது அந்தத் திருகு மறுக்கும் பக்கம் திருப்பப்பட்டிருக்கக்கூடாது என்றும் அவை கூறின. இதனால் உலகெங்கும் ரூட்டர்களைப் பராமரித்தவர்கள், புதிய கருவி ஒன்றை நிறுவியதும், வழிக்குறிப்பு வேண்டாம் என்று தம் கையால் ஒரு வரி எழுதவேண்டியதாயிற்று. அறிந்தவர் எழுதினார், அறியாதவரின் கதவு திறந்தே கிடந்தது. பயனற்ற வசதி ஒன்றைத் தொடர்ந்து வைத்திருப்பதற்கான செலவு, அதை வைத்தவர்மீது விழவில்லை, அறியாதவர்மீது விழுந்தது. இதுவே இந்த வரலாற்றில் நாம் நினைவில் கொள்ளவேண்டிய செய்தி என்று நான் கருதுகிறேன்.

அன்றியும், பழைய வீட்டின் கோளாறு புதிய வீட்டுக்கும் குடிபெயர்ந்தது. இணைய முகவரிகள் போதாமற் போகும் என்று கண்டு, 1990-களில் ஐ.பி. ஆறாம் பதிப்பு வகுக்கப்பட்டது. அதன் விதிகள் 1995-லும், திருத்திய வடிவில் 1998-லும் வெளிவந்தன. அவற்றிலும் வழிக்குறிப்பு ‘பூஜ்ய வகை’ என்ற பெயரில் இடம்பெற்றது. பழைய தலைப்பில் ஒன்பது முகவரிகளுக்கே இடம் இருந்தது. புதிதில் ஒரு முகவரிக்கு 16 பைட்டு. 1500 பைட்டு கொண்ட ஒரு பொதியில் ஏறத்தாழ 90 முகவரிகளை அடுக்கலாம். ஒரே முகவரியைத் திரும்பத் திரும்ப எழுதவும் தடையில்லை.

2007 ஏப்ரலில், கனடாவின் வான்கூவர் நகரில் நடந்த ஒரு கூட்டத்தில், பிலிப் பியாண்டி, ஆர்னோ எபலார் என்னும் இருவர் இதன் விளைவை எடுத்துக்காட்டினர். காட்பாடி, ஜோலார்பேட்டை, காட்பாடி, ஜோலார்பேட்டை என்று மாறி மாறி எழுதிய ஒரு பொதியை அனுப்பினால், அது இரு ரூட்டர்களுக்கும் இடையே பலமுறை போய்வந்துகொண்டே இருக்கும். அனுப்பியவருக்கு ஒரு பொதியின் செலவு. இடையிலுள்ள பாதைக்கோ பல பொதிகளின் பாரம். இத்தகைய பொதிகளைத் தொடர்ந்து அனுப்பினால் அப்பாதையில் மற்றவர் செய்தி எதுவும் நகராது. இதைக் கேட்டபின், இயங்குதளங்களை ஆக்குவோர் சில வாரங்களுக்குள்ளாகவே திருத்தங்களை வெளியிட்டனர். அதே ஆண்டு டிசம்பரில் வெளியான ஆர்.எப்.சி. 5095, பூஜ்ய வகைக் குறிப்பை அடியோடு வழக்கொழிந்ததாக அறிவித்தது. 2017-ல் ஆறாம் பதிப்பின் விதிகள் புதிதாக எழுதப்பட்டபோது, அக்குறிப்புக்கு அவற்றில் இடமில்லை. பழைய நான்காம் பதிப்பிலும், இவ்வகைப் பொதிகளை மறுப்பதே இயல்பான நிலையாக இருக்கவேண்டும் என்று 2014-ல் பரிந்துரை வந்தது. 1981-ல் எழுதியதை ஒதுக்க 33 ஆண்டுகள் பிடித்தன.

இவ்விடத்தில் எங்கள் பாலாற்றங்கரை நினைவுக்கு வருவது இயற்கையே. தோல் கழிவுநீரால் நிலமும் நீரும் கெட்டது குறித்து வேலூர்க் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில், 1996 ஆகஸ்ட் 28-ஆம் நாள் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தீங்கு உண்டு என்பதைப் பாதிக்கப்பட்டவர் மெய்ப்பிக்கவேண்டுமா, அல்லது தீங்கில்லை என்பதைத் தொழில் நடத்துவோர் மெய்ப்பிக்கவேண்டுமா என்ற கேள்விக்கு, மெய்ப்பிக்கும் பொறுப்பு தொழில் நடத்துவோருடையதே என்று அத்தீர்ப்பு விடை கூறிற்று. நிலத்தடி நீரின் துன்பத்தையும் கணிப்பொறியின் துன்பத்தையும் ஒரே தராசில் நிறுத்த நான் முற்படவில்லை. ஆனால் கேள்வி ஒன்றுதான். வழிக்குறிப்பின் செய்தியில், நீக்கவேண்டும் என்றவர்களே பல ஆண்டுகள் சான்று காட்டிக்கொண்டிருந்தனர். வைத்திருப்பதால் பயன் என்ன என்று மறுபக்கத்தாரைக் கேட்கத் தொடங்கியபோதுதான் காரியம் முடிந்தது.

நீக்குவதிலும் முறை உண்டு. பழைய ரூட்டர்களில் அமைப்புக் கட்டளைகள் பல ஆண்டுகளுக்கு முன் எழுதிய கோப்புகளாகக் கிடக்கும். மென்பொருளின் புதிய பதிப்பு ஒரு பழைய கட்டளையைத் திடீரென்று அறியேன் என்று சொல்லிவிட்டால், நள்ளிரவில் மின்சாரம் போய் வந்ததும் அந்த ரூட்டர் பாதி அமைப்போடு விழித்துக்கொள்ளும். ஆகவே பொறுப்புள்ள மென்பொருளாளர் முதலில் வசதியை நிறுத்திவைக்கிறார். பிறகு அக்கட்டளையைக் கண்டால் ஏற்பதுபோல் ஏற்று, ஒன்றும் செய்யாமல், ‘இது இனி இல்லை’ என்று எச்சரிக்கை எழுதுகிறார். சில பதிப்புகள் கழித்தே வரியை அழிக்கிறார். அஞ்சல் துறையும் 1972-ல் எண் எழுதாத கடிதத்தைக் கிழித்தெறியவில்லை. ‘வழி’ எழுதிய கடிதத்தைத் திருப்பி அனுப்பவும் இல்லை. இன்னொரு செய்தியும் உண்டு. நீக்கிய அந்தப் ‘பூஜ்ய வகை’ என்ற எண்ணை வேறு எதற்கும் கொடுக்காமல், வழக்கொழிந்தது என்ற குறிப்போடு பதிவேட்டில் அப்படியே விட்டிருக்கிறார்கள். தூர்த்த கிணற்றின்மேல் கல் நட்டுவைப்பதற்கு ஒப்பானது அது.

வழியைச் சொல்வதே குற்றம் என்று நேயர்கள் கொள்ளவேண்டாம். ரயில் பயணச்சீட்டில் வழி இன்றும் அச்சாகிறது. கட்டணம் செல்லும் தூரத்தைப் பொறுத்ததாதலால் அங்கே அதற்குப் பொருள் உண்டு. இணையத்திலும், ஒரே நிறுவனத்தின் வலைக்குள், அந்நிறுவனமே தன் பொதிகளுக்கு வழி எழுதும் முறை ஒன்று 2018-லும் 2020-லும் புதிய விதிகளாக வந்திருக்கிறது. எல்லைக்கு வெளியிலிருந்து வரும் அந்நியரின் வழிக்குறிப்பு அங்கே ஏற்கப்படலாகாது. ஆக, எண்ணம் பிழையன்று; அந்த உரிமையை யாரென்று தெரியாத எல்லோருக்கும் திறந்துவைத்ததே பிழை.

நம் அலுவலகங்களிலும் சங்கங்களிலும் இத்தகைய பழைய விதிகள் எத்தனையோ உள்ளன. ‘இருந்துவிட்டுப் போகட்டும், யாருக்கு என்ன நஷ்டம்?’ என்று அவற்றைக் கடந்துசெல்கிறோம். நஷ்டம் இதுவரை நேரவில்லை என்பது விடையாகாது. முன்பின் அறியாத ஒருவர் நாளைக்கு இவ்விதியைக் கையில் எடுத்தால் அதைக்கொண்டு என்ன செய்யமுடியும் என்று எண்ணிப் பார்க்கவேண்டும். அதற்கு மனநிறைவான விடை கிடைக்காவிடில், அவ்விதியை இன்னும் நம்பியிருப்பவர் யாரென்று முதலில் தேடி அறிந்து, அவருக்கு மாற்று வழி செய்து கொடுத்து, பிறகு அதை அமைதியாக எடுத்துவிடுவதே தக்கது.